பாயசம் ஆடை கட்டும் வேகம்

கலியபெருமாள் கடலை விரும்பி வந்தவர் அல்ல. அவர் ஓட்டிக்கொண்டிருந்த இன்ஜினை விற்றுவிட்டார்கள். இன்ஜின் கடலுக்குப் போயிற்று. அவரும் அதோடு போனார்.

நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில், எங்கள் தெருவின் கடைசி வீட்டில் அவர் குடியிருந்தார். நெற்றியில் பட்டையாகத் திருநீறு. சட்டைப் பையில் இன்ஜின் துடைக்கிற பனியன் துணி ஒன்று எப்போதும் இருக்கும். கல்யாணத்துக்குப் போனாலும் இருக்கும். தண்ணீர் எங்கே விழுந்தாலும் நின்று பார்ப்பார். தெருக்குழாயில் பெண்கள் குடம் பிடிக்கும்போது, "என்னம்மா இது, நூல் நூக்குற மாதிரி வருது? இதெல்லாம் ஒரு தண்ணியா?" என்று குழாய்க்காக வருத்தப்படுவார். மழைக்காலத்தில் பள்ளிக்கூடக் கூரையின் தகரத் தூம்பிலிருந்து தண்ணீர் பாய்ந்து விழுந்தால், மறைக்கிறதே என்று குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டே ரசிப்பார்.

அவர் வாழ்க்கையில் வந்த பெரிய சிக்கலுக்கும் இந்தப் பழக்கம்தான் காரணம். அதை அவர் வாயாலும், அவருக்கு வேலை கொடுத்த கமலாம்பாள் வாயாலும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. யார் அதிகம் கத்தினார்கள் என்பதில் மட்டும் வேறுபாடு உண்டு.

முதலில் அவர் கீழ்வேளூருக்குத் தெற்கே துரைராசு என்ற மிராசுதாரிடம் பம்புசெட் டிரைவராக இருந்தார். பம்புசெட் என்றால் கரண்டு மோட்டார் அல்ல, டீசல் இன்ஜின். ஒற்றை சிலிண்டர், பக்கத்தில் வண்டிச் சக்கரம் போல ஒரு கனத்த சக்கரம். ஹேண்டிலைப் போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். ஆற்றில் முறைத் தண்ணீர் வராத நாட்களில் அதுதான் வயலுக்கு இறைக்கும்.

அது நன்றாக ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள ஊரில் யாரும் இன்ஜினைப் பார்ப்பதில்லை. குழாய் வாயைத்தான் பார்ப்பார்கள். தண்ணீர் எவ்வளவு தூரம் எட்டி விழுகிறதோ, அவ்வளவு நல்ல இன்ஜின். அவ்வளவு நல்ல டிரைவர். துரைராசு குடையோடு வந்து வரப்பில் நிற்பார்.

"டேய் கலியா, தண்ணி மடிஞ்சு விழுதுடா. எனக்குப் பாஞ்சு விழணும்."

"பாயுதுங்கய்யா."

"எங்க பாயுது? படுத்துத் தூங்குது. ரேஸக் கொடு!"

ரேஸ் என்றால் இன்ஜினின் வேகம். அதற்கு ஒரு சின்ன இரும்புக் கைப்பிடி உண்டு. கலியபெருமாள் அதை மேலே தள்ளுவார். தண்ணீர் வாழையிலை போல வளைந்து தொட்டியைத் தாண்டி விழும். துரைராசு திருப்தியோடு மூக்குப்பொடி போட்டுக்கொள்வார்.

அந்த வருடங்களில் கீழத்தஞ்சையில் சிரிப்பதற்கு அதிகம் இருந்ததில்லை. கூலி நெல்லுக்காக ஒரு பக்கம் செங்கொடிச் சங்கம், எதிரே மிராசுதார்கள் சங்கம், நடுவில் போலீஸ் வேன். சென்னையில் ஆட்சிக்கு வந்திருந்த கட்சி நில உச்சவரம்பைக் குறைத்துச் சட்டம் போட்டது. துரைராசு தன் நிலத்தைப் பிரித்து மச்சான் பெயரில் கொஞ்சம், சம்பந்தி பெயரில் கொஞ்சம், இன்னும் பிறக்காத பேரன் பெயரில் கொஞ்சம் என்று பட்டா எழுதினார். பிறந்தது பேத்தி. அந்த நிலத்துக்கு மறுபடி பத்திர ஆபீசுக்கு அலைந்தார்.

இந்த இழுபறியில் கலியபெருமாளுக்கு இரண்டு பக்கமும் உதை. இன்ஜின் நின்றால், "சங்கத்துக்காரன் சொல்லித்தானே நிறுத்துன?" என்பார் துரைராசு. இன்ஜின் ஓடினால், "என்ன கலியா, மிராசுக்கு நல்லா இறைக்கிறியா?" என்பார்கள் சொந்தத் தெருக்காரர்கள். டீசலில் தூசி அடைத்துத்தான் நின்றது என்று அவர் சொன்னதை இரண்டு கட்சியும் நம்பவில்லை. தூசி எந்தக் கட்சி என்றுகூட ஒருவன் கேட்டானாம்.

கடைசியில் ஒரு போகம் நடவே நடக்கவில்லை. வயலே காய்கிறபோது இன்ஜின் எதற்கு என்று கோபத்தில் துரைராசு அதை விற்றுப்போட்டார்.

வாங்கியவர் அக்கரைப்பேட்டை காயாரோகணம். பாய்மர வள்ளம் வைத்திருந்தவர். மற்றவர்கள் வள்ளத்துக்கெல்லாம் இன்ஜின் வந்துவிட்டதே என்று அவர் மனைவி கமலாம்பாள் நச்சரித்ததால் வாங்கினார். கமலாம்பாள் மீன் வியாபாரம் செய்கிறவர். வள்ளம் கணவர் பெயரில் இருந்தாலும் வள்ளம் எங்கே போகும் என்பது அவர் வாயில் இருந்தது.

இன்ஜினை வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து வள்ளத்தில் பூட்டினார்கள். அது கிளம்பவில்லை. தெருவில் புஜம் உள்ளவன் எல்லாம் ஹேண்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தோளில் எண்ணெய் தேய்க்கப் போனான். வேறு வழியில்லாமல் கலியபெருமாளைத் தேடி ஆள் அனுப்பினார்கள். அவர் வந்தார். இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டி, "என்னடா, ஊர் புதுசா இருக்கா?" என்று கேட்டு ஹேண்டிலைச் சுற்றினார். டக் டக் டக் என்று அது பேசத் தொடங்கியது.

கமலாம்பாள் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இது மாடு மாதிரியில்ல இருக்கு! மாட்டுக்காரனையும் சேத்துல்ல வாங்கிருக்கணும்."

அப்படித்தான் அவர் கடலுக்கு வந்தார். நீச்சல் தெரியாது. ஆனால் முதல் நாளே அவருக்குக் கடல் பிடித்துப்போயிற்று. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "அங்க வரப்பு இல்ல பாரு. வரப்பு இருந்தாத்தானே அதுமேல ஒருத்தன் வந்து நின்னுகிட்டு ஓட்டுறா, நிறுத்துறான்னு சொல்லுவான்?" என்றார்.

இதைவிட இன்னொரு காரணமும் இருந்தது. இன்ஜின் சூடேறாமல் இருக்கக் கடல்நீரை உறிஞ்சி உள்ளே சுற்றவிட்டு, வள்ளத்தின் விலாவில் ஒரு குழாய் வழியாக வெளியே துப்பும்படி அமைத்திருந்தார்கள். அந்தக் குழாயிலிருந்து தண்ணீர் விழுவதை முதல்முதலாகப் பார்த்தபோது கலியபெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டதாம். ரேஸைக் கூட்டினார். தண்ணீர் பாய்ந்தது. இன்னும் கூட்டினார். இன்னும் பாய்ந்தது. திரும்பிப் பார்த்தால் வள்ளத்துக்குப் பின்னாலும் அதைத் தள்ளும் இரும்பு விசிறி வெட்டிய சுழல், நுரை, வரப்பு வரப்பாக எழும்பும் அலை. இத்தனை தண்ணீரைத் தள்ளும் இன்ஜினைத் தஞ்சை ஜில்லாவிலேயே அவர் கண்டதில்லை.

அவர் ரேஸைக் குறைப்பதே கிடையாது. வள்ளத்தின் பின்பக்கம் தண்ணீரில் உட்கார்ந்துகொள்ளும். மூக்கு வானத்தைப் பார்க்கும். கறுப்புப் புகை வரும்.

"எலே, இது முன்னாடி போகல, மேல ஏறுதுடா!" என்று மூக்குப் பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும் காயாரோகணம் கத்துவார். "வள்ளத்துக்கு ஓட்டம் இவ்வளவுதான். அதுக்கு மேல நீ எரிக்கிற டீசல் எல்லாம் அலை உண்டாக்கத்தான் ஆவுது. கடல்ல அலைக்கு என்ன பஞ்சமா?"

"தண்ணி எப்படிப் பாயுது பாருங்கண்ணே!"

"தண்ணி பாஞ்சு என்ன பண்ண? நாத்தா நட்டுருக்கேன்?"

காயாரோகணத்தின் கட்சி வேறு. காற்று இருந்தால் பாய். காற்று செத்தால் மட்டும் இன்ஜின், அதுவும் மெதுவாக. ஆனால் மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக என்று அவருக்கும் சொல்லத் தெரியாது. கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டுவார். கலியபெருமாள் அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொள்வார்.

அது டீசலுக்குத் தட்டுப்பாடான காலம். பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்றால் ஒரு டின் கிடைக்கும், சில நாள் அதுவும் கிடைக்காது. கலியபெருமாளின் கையில் ஒரு டின் போக வேண்டிய தூரம் போகாது. நடுக்கடலில் டீசல் தீர்ந்து, காற்றும் இல்லாமல், வேறு வள்ளத்துக்காரன் கயிறு போட்டு இழுத்துவருவது வழக்கமாகிவிட்டது. கரையில் நிற்பவர்கள் காயாரோகணத்தின் வள்ளம் கயிற்றில் வருவதைப் பார்த்ததும் "ம்மா" என்று மாடு போலக் கத்துவார்கள்.

ஒருநாள் கமலாம்பாள் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"தம்பி, இன்னொரு தடவ கயிறு கட்டிகிட்டு வந்தீங்கன்னா, அந்தக் கயிறாலயே இன்ஜினக் கட்டி எடுத்து அந்தத் துரைராசுகிட்டயே குடுத்துருவேன். நீங்களும் அதுகூடவே வண்டில ஏறிடணும். எங்களுக்குப் பாய் போதும்."

துரைராசுவும் திரும்ப வாங்கத் தயாராகவே இருந்தார். வயலில் மறுபடி விவசாயம் நடந்துகொண்டிருந்தது. மறுபடி அந்த வரப்பு, அந்தக் குடை, அந்தத் தெரு, "நீ எந்தக் கட்சி?" கலியபெருமாளுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வளைகாப்பு வந்தது.

காயாரோகணத்தின் மகள் சௌந்தரநாயகியைத் தெற்கே புஷ்பவனத்தில் கொடுத்திருந்தார்கள். ஏழாம் மாதம். அம்மா வீட்டிலிருந்து வளையலும் சித்திரான்னமும் போக வேண்டும். அதோடு கமலாம்பாள் ஒரு அண்டா நிறையப் பருப்புப் பாயசம் கொண்டுபோவதாகச் சபதம் செய்திருந்தார். கல்யாணத்தின்போது சம்பந்தியம்மா பிரகதாம்பாள் இவர்கள் வைத்த பாயசத்தைக் கரண்டியால் தூக்கி ஊற்றிப் பார்த்து, "பாயசத்துல கை கழுவலாம் போலிருக்கே" என்று பந்தியில் சொல்லிவிட்டாராம். அதைக் கமலாம்பாள் மறக்கவில்லை. விளிம்பு வரை நிறைந்த அண்டாவாகப் போய் இறங்க வேண்டும். அம்மா வீட்டுப் பாத்திரம் குறைந்து போகக்கூடாது என்பது வழக்கமும்கூட.

பஸ்ஸில்தான் போவதாக இருந்தது. அன்றைக்கென்று அறுவடைக் கூலிக்காக வேதாரண்யம் சாலையில் மறியல். பஸ் கிடையாது, லாரி கிடையாது. ஆகவே வள்ளம்.

விடியும்போது கிளம்பினார்கள். வள்ளத்தில் மூன்றே பேர்: சுக்கானில் காயாரோகணம், இன்ஜினில் கலியபெருமாள், இன்ஜினை ஒட்டி, ஆடாத இடம் என்று சொல்லப்பட்ட இடத்தில், அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கமலாம்பாள். டீசல் ஒரே ஒரு டின், போகவும் வரவும் சேர்த்து.

"தம்பி, பாயசம் சிந்தக்கூடாது. டீசல் தீரக்கூடாது. ரெண்டுல ஒண்ணு தப்புனாலும், ஊருக்கு வண்டி ஏறிடுங்க."

"சரிங்கண்ணி."

சொல்லிவிட்டு ரேஸை முழுக்கத் தள்ளினார். அவருடைய நியாயம் அவருக்கு: சீக்கிரம் போனால் சீக்கிரம் இன்ஜினை நிறுத்தலாம், டீசல் மிச்சமாகும். வள்ளத்தின் மூக்கு எழும்பியது, பின்பக்கம் அமுங்கியது. அண்டாவுக்குள் பாயசம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூடியை மெல்லத் தூக்கிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது.

"தம்பி, வழியுது!"

"தண்ணியா அண்ணி?" என்று ஆவலாகத் திரும்பினார் கலியபெருமாள்.

"பாயசம்யா, பாயசம்!"

வழிந்த பாயசம் சைலன்சர் மேல் விழுந்தது. சுர்ரென்று புகைந்து, வெல்லம் பாகாகி, பிறகு கருகி, வங்காள விரிகுடா முழுவதும் கமர்கட் மணம் பரவியது. பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு கட்டுமரத்துக்காரன், "அண்ணே, டீசல் கிடைக்கலன்னு வெல்லம் போட்டு ஓட்டுறீங்களா?" என்று கேட்டான்.

வேளாங்கண்ணிக் கோபுரம் தெரியும்போது காயாரோகணம் டின்னுக்குள் குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சியை மனைவியிடம் காட்டினார். கமலாம்பாள் குச்சியைப் பார்த்தார். பிறகு இருவரும் கலியபெருமாளைப் பார்த்தார்கள். புஷ்பவனம் இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை. இந்தக் கணக்கில் போனால் திரும்பி வருவது இருக்கட்டும், போய்ச் சேர்வதே கயிற்றில்தான்.

கலியபெருமாள் கைப்பிடியைக் கீழே இழுத்தார், ஒரேயடியாக அடிமட்டத்துக்கு. வள்ளம் நீரோட்டத்தில் பக்கவாட்டில் நழுவியது. இன்ஜின் டொக்கு... டொக்கு என்று இருமியது. ஒவ்வொரு இருமலுக்கும் வள்ளம் அதிர, பாயசத்தின் மேல் வட்டம் வட்டமாக வளையம் ஓடியது. முந்திரிப் பருப்புகள் எல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கின.

"இது இன்னும் மோசம். பாயசம் நடுங்குதே! கூட்டுங்க."

கூட்டினார். வளையங்கள் நின்றன.

"இன்னும் கொஞ்சம்."

கூட்டினார். பாயசம் சாயத் தொடங்கியது.

"ஐயய்யோ, வருது வருது! குறைங்க... இன்னும்... போதும். நிறுத்துங்க. கைய எடுத்துருங்க. மூச்சு விடாதீங்க."

பாயசம் அசையாமல் நின்றது. ஒரு பக்கமும் சாயவில்லை, நடுங்கவும் இல்லை. இன்ஜின் சீராக, கோபமில்லாமல் ஓடியது. கறுப்புப் புகை நின்றிருந்தது. வள்ளத்தின் மூக்கு இறங்கி, காயாரோகணத்துக்கு வெகுநாளைக்குப் பிறகு எதிரே கடல் தெரிந்தது. அவர் கரையில் ஒரு பனைமரக் கூட்டத்தைக் குறி வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இந்தா, கமலா. ஓட்டம் பெருசா குறையலடி."

"என்னது?"

"அப்ப அந்தத் திடல்லேர்ந்து இந்தத் திடலுக்கு வந்த மாதிரியேதான் இப்பவும் வருது. என்னமோ தூக்கத்துல நடக்குற மாதிரி சத்தம் இல்லாம வருது, அவ்வளவுதான்." சொல்லும்போதே தொய்ந்து கிடந்த பாய் சோம்பல் முறித்தது. லேசான வாடைக் காற்று பின்விலாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. இதுவரை வள்ளம் அதைவிட ஒரு பிடி முந்தி ஓடியதில் பாய்க்கு அது எட்டவே இல்லை. இப்போது பாய் புடைத்தது. காயாரோகணம் பாயைத் தடவிக் கொடுத்தார்.

"வந்துட்டியா ராசா!"

கோடியக்கரைப் பக்கத்து மணல்மேடு கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் கமலாம்பாள் மூடியைத் தூக்கிப் பார்த்தார். பாயசத்தின் மேல் ஆடை கட்டியிருந்தது. அடுப்படியில் வைத்து ஆறவிட்டது போல, ஒரு சுருக்கம் இல்லாத முழு ஆடை. அவர் முந்தானையில் முடிந்திருந்த குங்குமத்தை எடுத்து, கைப்பிடி நின்ற இடத்தில் இரும்பின் மேல் ஒரு பொட்டு வைத்தார்.

"இதான் இடம். இதத் தாண்டினா உங்க கைய ஒடிப்பேன்."

கலியபெருமாள் மட்டும் சந்தோஷப்படவில்லை. அவர் விலாக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் பாயவில்லை. விழவும் இல்லை. குழாயின் உதட்டைப் பிடித்துக்கொண்டு, வள்ளத்தின் விலாவில் வழிந்து, கடலில் சத்தமில்லாமல் கலந்துகொண்டிருந்தது.

"பாருங்கண்ணே," என்றார், குழாயைக் காட்டி. "கிழவன் எச்சில் வழியுற மாதிரி இருக்கு."

சிந்திய பாயசத்தை ஈடுகட்ட, தங்கள் மூவருக்கென்று வைத்திருந்த தூக்குப் பாயசத்தையும் அண்டாவிலேயே ஓரமாக ஊற்றிவிட்டார் கமலாம்பாள். புஷ்பவனத்தில் நங்கூரம் போட்டு, துடுப்பில் அண்டாவைக் கோத்து, இடுப்பளவுத் தண்ணீரில் நாலு ஆட்கள் தோள் கொடுத்துக் கரையேற்றினார்கள். பிரகதாம்பாள் மூடியைத் திறந்தார். விளிம்பு வரை இருந்தது. கரண்டியை விட்டார். கரண்டி நின்றது.

பந்தி முழுவதும் காத்திருந்தது.

"பாயசமா, களியா?" என்றார் பிரகதாம்பாள்.

"உங்களுக்குத் தண்ணியா இருந்தா பிடிக்காதேன்னு பாத்தேன் சம்பந்தி. வேணும்னா கொஞ்சம் கடல் தண்ணி ஊத்திக்கோங்க."

சௌந்தரநாயகிக்கு இரண்டு கையிலும் வளையல் அடுக்கினார்கள். அவள் சிரித்துச் சிரித்து வளையல்கள் எல்லாம் சத்தம் போட்டன. கலியபெருமாள் ஒரு மூலையில் உட்கார்ந்து இரண்டு இலை சாப்பிட்டார். கை கழுவப் போனவர் சொம்புத் தண்ணீர் வழிவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக்கூடாது அல்லவா? பிரகதாம்பாள் தன் வீட்டுப் பால் பாயசத்தை அந்த அண்டாவில் ஊற்றிக் கொடுத்தனுப்பினார். திரும்பும் வழியில் கமலாம்பாள் நொடிக்கொரு தரம் மூடியைத் தூக்கிப் பார்த்தார். கைப்பிடி குங்குமப் பொட்டில்தான் இருந்தது. ஆனால் அண்டாவுக்குள் அலையடித்தது.

"ஆடையே கட்ட மாட்டேங்குதுங்க."

"எதிர்க்காத்துடி," என்றார் காயாரோகணம்.

"எதிர்க்காத்து இல்ல. அவங்க பாயசம் தண்ணி!" கமலாம்பாளின் முகத்தில் வந்த ஒளியை வார்த்தையால் சொல்ல முடியாது என்று கலியபெருமாளே ஒப்புக்கொண்டிருக்கிறார். "என்னை என்ன பேச்சுப் பேசுனாங்க! கை கழுவலாமாம்! இதுல துணியே துவைக்கலாம்."

எதிர்க்காற்றில் பாய் உதவாது, சுருட்டி வைத்தாயிற்று. இனி எல்லாம் டின்னில் இருக்கிற டீசல்தான். பொட்டிலேயே ஓட்டினால் ஊர் போய்ச் சேரலாம் என்று குச்சி சொன்னது. ஆனால் கலியபெருமாளின் கை குச்சியின் பேச்சைக் கேட்கவில்லை. யாரும் பார்க்காதபோது கைப்பிடி பொட்டைத் தாண்டி மெல்ல ஏறும். குழாயில் தண்ணீர் துள்ளும். அவர் முகம் மலரும். கமலாம்பாள் ஒரு சத்தம் போடுவார். கைப்பிடி இறங்கும். முகமும் இறங்கும். வேட்டைக்காரனிருப்பு தாண்டுவதற்குள் இது பல தடவை நடந்துவிட்டது.

கடைசியில் அவர் கைப்பிடியை விட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"அண்ணி, என்னால முடியல. நான் ஊருக்கே போயிடுறேன்."

"ஏன் தம்பி? பொட்டுல வச்சா டீசல் நிக்குது. நான் இப்ப உங்களப் போகச் சொல்லலையே!"

"நீங்க சொல்லல அண்ணி. அந்தக் குழா சொல்லுது. துரைராசு ஐயா வரப்புல நின்னு, 'மடிஞ்சு விழுதுடா, நீயெல்லாம் ஒரு டிரைவரா'ங்கிற மாதிரியே காதுல கேக்குது. கடல்லயும் வந்து நிக்கிறாரே மனுசன், நான் என்ன செய்ய?"

 கமலாம்பாள் கணவரைப் பார்த்தார். காயாரோகணம் தலையைச் சொறிந்தார். பிறகு சுக்கானை மனைவி கையில் கொடுத்துவிட்டு, விலாப் பக்கம் குப்புறப் படுத்து, கையை வெளியே தொங்கவிட்டு, குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தார்.

தண்ணீர் பீறிட்டது. ஒரு பாகம், அதாவது இரண்டு கையை விரித்த நீளத்துக்கு, வில்லாக வளைந்து, வெயிலில் மின்னிக்கொண்டு போய் விழுந்தது.

"அண்ணே!" என்றார் கலியபெருமாள்.

"பாயுதா?"

"பாயுதுண்ணே!"

"அப்ப உக்காரு. பொட்டத் தொடாத."

அன்று வேளாங்கண்ணியிலிருந்து நாகப்பட்டினம் வரை ஒரு வள்ளத்தின் சொந்தக்காரர் தன் டிரைவரின் மனசுக்காகக் குப்புறப் படுத்துக் கட்டைவிரலால் குழாயைப் பிடித்துக்கொண்டு வந்தார். சுக்கான் கமலாம்பாளிடம். கலியபெருமாள் கைகட்டி உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார். கைப்பிடி பொட்டிலேயே இருந்தது. நாகூர் மினாராக்கள் தூரத்தில் தெரிந்து, ஆற்று முகத்துவாரத்துக்குள் வள்ளம் திரும்பியபோது, கரையில் "ம்மா" கத்துவதற்கென்று கூடியிருந்தவர்கள் கயிற்றைத் தேடினார்கள். கயிறு இல்லை. டின்னைக் கவிழ்த்தபோது ஒரு சிம்னி விளக்கு ஏற்றும் அளவுக்கு டீசல் மிச்சம் இருந்தது.

காயாரோகணத்தின் விரல் சுருங்கி வெளுத்து, நாலு நாள் சோறு பிசைய முடியாமல் போயிற்று. தினமும் விரல் கொடுக்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். கமலாம்பாள் கும்பகோணம் போயிருந்தபோது சுவாமிமலையில் சிலை வார்க்கிற ஒரு வீட்டில் விசாரித்து, வார்ப்பில் ஒரு காது வராமல் போனதால் ஒதுக்கி வைத்திருந்த ஒரு சின்ன யாளி முகத்தை வாங்கிவந்தார். வாய் சின்னதாக, குழாயில் பொருந்துகிற மாதிரி. அதைப் பூட்டினார்கள். குங்குமப் பொட்டின் வேகத்தில் யாளி வாயிலிருந்து தண்ணீர் தாவிப் பாய்ந்தது. ஒற்றைக் காது யாளியைப் பார்க்கவே மற்ற வள்ளத்துக்காரர்கள் வந்தார்கள். டீசல் எப்படி நிற்கிறது என்று கேட்டவர்களிடம் கமலாம்பாள், "பாயசம் வச்சுப் பாருங்க, கெட்டியா வைக்கணும்" என்பார். சிலர் வைத்தும் பார்த்தார்கள். அந்த வருடம் அக்கரைப்பேட்டையில் வெல்லம் விலை ஏறியது என்று சொல்பவர்கள் உண்டு, நான் நம்பவில்லை.

துரைராசு ஒருமுறை நாகப்பட்டினத்துக்கு ஏதோ வழக்குக்காக வந்தவர், துறைமுகப் பக்கம் வந்து, வள்ளம் கிளம்புவதைப் பார்த்தாராம். அதே குடை. யாளி வாயிலிருந்து பாய்ந்த தண்ணீரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டேய் கலியா, என்கிட்ட இருந்தப்ப இது இவ்வளவு தண்ணி விடலையேடா!" என்றார்.

"ஆமாங்கய்யா."

"இன்னும் கொஞ்சம் விடும் போலிருக்கே. ரேஸக் கொடுறா, பாப்போம்!"

கலியபெருமாளின் கை பழக்கத்தில் கைப்பிடிக்குப் போயிற்று. அங்கே குங்குமம் இருந்தது. அவர் கையை எடுத்து, சட்டைப் பையிலிருந்த பனியன் துணியில் துடைத்துக்கொண்டார்.

"இதுக்கு மேல கொடுத்தா பாயசம் வழியுங்கய்யா," என்றார்.

துரைராசு குடையை மடக்குவதா விரிப்பதா என்று தெரியாமல் கரையில் நின்றார். வள்ளம் அவசரமில்லாமல் முகத்துவாரத்தைத் தாண்டியது.